தன்னை வினவும் கோட்பாடு: பிராங்க்ஃபர்ட் மரபும் பொதுமையின் எல்லையும்

முன்னுரை

பிராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனம் 1923-இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் நூற்றாண்டாகிய 2023-ஆம் ஆண்டின் நவம்பர் மாதம் 13-ஆம் நாள், அம்மரபின் மூத்த சிந்தனையாளரான யூர்கன் ஹாபர்மாஸ், நிக்கோல் டைட்டல்ஹோஃப், ரைனர் ஃபோர்ஸ்ட், கிளவுஸ் குந்தர் ஆகியோருடன் இணைந்து ‘ஒருமைப்பாட்டு நெறிகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கையை வெளியிட்டார். அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நிகழ்த்திய படுகொலைகளையும், அதன்பின் காசாவில் இஸ்ரேல் தொடங்கிய போரையும், ஜெர்மனியில் அவற்றின் எதிரொலியையும் பற்றிய அவ்வறிக்கை அளவில் மிகச் சிறியது. ஆயினும் அதனால் எழுந்த விவாதம், விமரிசனக் கோட்பாடு எனப்படும் நூறாண்டுச் சிந்தனை மரபின் அடித்தளத்தையே வினாவுக்கு உட்படுத்தியது.

அவ்விவாதத்தை ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்னும் இரு பட்டியல்களாக வகுத்துவிட்டு அமைவது எளிது. அவ்வாறு அமைவதால் அதன் மெய்யியல் உள்ளீடு கைநழுவிப் போகும். ஒரு கோட்பாடு விமரிசனத் தன்மை உடையதா என்பதை அதன் கலைச்சொற்களோ அதனை வகுத்தோரின் புகழோ முடிவு செய்வதில்லை. தான் வகுத்த அளவுகோலைத் தன் மண்ணின் அதிகாரத்தின் மீதும் தன் மீதும் வைத்துப் பார்க்க அது ஆயத்தமாக உள்ளதா என்பதே முடிவு செய்கிறது. 2023-இன் அறிக்கை இத்தேர்வில் தவறியது என்பதும், அத்தவற்றைக் காட்டிக் கோட்பாட்டின் பொதுமை நோக்கையே கைவிடுவது அதனினும் பெரிய தவறாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

விமரிசனம் என்னும் சொல்

தமிழ்க் கல்விப்புலத்தில் இக்கோட்பாடு ‘விமரிசனக் கோட்பாடு’ என்றும் ‘திறனாய்வுக் கோட்பாடு’ என்றும் வழங்குகிறது. பின்னைய வழக்கு, இதனை இலக்கியத் திறனாய்வின் ஒரு பிரிவாகக் கருதும் மயக்கத்திற்கு இடம் தருகிறது. இச்சொல்லின் பின்னணியில் நிற்பது காண்ட்டின் பயன்பாடாகும். 1781-இல் வெளிவந்த ‘தூய அறிவின் விமரிசனம்’ என்னும் நூலில், அறிவு தன் எல்லைகளைத் தானே ஆராய்வதையே காண்ட் விமரிசனம் என்றார். மார்க்ஸ் அரசியல் பொருளாதாரத்தின் விமரிசனத்தை எழுதியபோது, ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கருத்துகளை அச்சமூகத்தின் நடைமுறையோடு வைத்து ஒப்பிட்டார். குற்றம் காண்பது, மதிப்பிடுவது என்னும் பொருள்களைக் கடந்து, தன்னையும் உட்படுத்திக்கொள்ளும் ஆய்வு என்னும் பொருள் இவ்விரு பயன்பாடுகளிலும் அமைந்துள்ளது.

மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937-இல் எழுதிய ‘மரபுக் கோட்பாடும் விமரிசனக் கோட்பாடும்’ என்னும் கட்டுரை இம்மரபுக்குப் பெயர் தந்தது. 1933-இல் நாஜிகள் பிராங்க்ஃபர்ட் நிறுவனத்தை மூடிய பின்னர், அது ஜெனீவா வழியாக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புகலிடம் பெற்றிருந்த காலம் அது. மரபுக் கோட்பாட்டில் அறிபவர் அறியப்படும் பொருளுக்கு வெளியே நிற்கிறார். விமரிசனக் கோட்பாட்டில் அறிபவரும் தாம் ஆராயும் சமூக இயக்கத்தின் ஓர் உறுப்பாவார். அவருடைய கருத்துகளும் அவ்வியக்கத்தின் விளைபொருள்களே. எனவே ஆய்வாளர் எங்கிருந்து பேசுகிறார், யாருடைய துன்பம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது, யாருடையது தெரியாமல் போகிறது என்னும் வினாக்கள் ஆய்வுக்குப் புறம்பானவை ஆகா. புலம்பெயர்ந்து வாழ்ந்த அறிஞர் ஒருவரின் எழுத்தில் இவ்வினாக்கள் எழுந்தமை தற்செயலன்று.

ஹாபர்மாஸ் வகுத்த அளவுகோல்

ஹோர்க்ஹைமரும் தியோடர் அடோர்னோவும் இணைந்து எழுதி 1947-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய ‘அறிவொளியின் இயங்கியல்’, மனிதரை அச்சத்திலிருந்து விடுவிக்க வந்த பகுத்தறிவு, இயற்கையையும் மனிதரையும் அடக்கியாளும் கருவியாக மாறிய வரலாற்றை எழுதியது. அங்கே ஒரு முட்டுப்பாடு தோன்றுகிறது. பகுத்தறிவே ஆதிக்கமாகிவிட்டதெனின், அவ்வாதிக்கத்தை எந்த அறிவைக்கொண்டு விமரிசிப்பது? அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹாபர்மாஸின் வாழ்நாள் பணி இவ்வினாவுக்கு விடை தேடியதே எனலாம்.

அவர் அவ்விடையை மொழியில் கண்டார். 1981-இல் வெளிவந்த ‘தொடர்பாடல் செயல் பற்றிய கோட்பாடு’, ஒருவர் மற்றவரிடம் ஒன்றைச் சொல்லும்போதே அது உண்மை, அது முறையானது, அது உளமாரச் சொல்லப்படுவது என்னும் உரிமைக்கோரல்கள் உடன் எழுகின்றன என்று காட்டியது. கேட்பவர் அவற்றை மறுக்கலாம், காரணம் கேட்கலாம். பேச்சின் இந்த அமைப்பிலேயே சமத்துவத்திற்கான ஒரு வாக்குறுதி பொதிந்துள்ளது. இதிலிருந்து பிறந்த கருத்தாடல் அறவியல், ஒரு நெறியால் பாதிக்கப்படக்கூடிய அனைவரும் கலந்துகொள்ளும் உரையாடலில் அவர்களது ஒப்புதலைப் பெறக்கூடிய நெறியே செல்லத்தக்கது என்கிறது. அவ்வுரையாடலிலிருந்து பாதிக்கப்படுவோர் எவரையும் விலக்குதல் கூடாது; எந்தக் கூற்றையும் முன்கூட்டியே தடுத்தலும் ஆகாது. காரணத்தின் வலிமை ஒன்றே அங்கு வெல்ல வேண்டும்.

இவ்வளவுகோல் குறைகளற்றதாகத் தோன்றவில்லை. 1962-இல் ஹாபர்மாஸ் எழுதிய பொதுக்களம் பற்றிய நூல், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காப்பியகங்களிலும் இதழ்களிலும் உருவான மேட்டிமை உரையாடலை முன்மாதிரியாகக் கொண்டிருந்தது. பெண்களும் உழைப்பாளரும் அக்களத்திலிருந்து விலக்கப்பட்டமை அதன் இயல்பிலேயே அமைந்திருந்தது என்பதையும், விலக்கப்பட்டோர் தமக்கெனத் தனிக் களங்களை அமைத்துக்கொண்டனர் என்பதையும் 1990-இல் நான்சி ஃபிரேசர் எடுத்துக்காட்டினார். இவ்வகை விமரிசனங்களுள் சிலவற்றை ஹாபர்மாஸ் பின்னர் ஏற்றுக்கொண்டார். அளவுகோலை வகுத்தவரே அதன்முன் நிற்க இசைந்த தருணம் அது.

1986: நினைவு விமரிசனமாக நின்ற காலம்

2023-இன் அறிக்கையை விளங்கிக்கொள்ள, 1986-இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த வரலாற்றாசிரியர் பூசலை நினைவுகூர்தல் வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டின் மே மாதத்தில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனும் ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் கோலும் நாஜி எஸ்.எஸ். படையினரின் கல்லறைகளும் அடங்கிய பிட்பர்க் இடுகாட்டில் அஞ்சலி செலுத்தினர். ஜெர்மனி இனி இயல்பான தேசமாகிவிட வேண்டும் என்னும் அரசியல் வேட்கை அச்சடங்கில் வெளிப்பட்டது. 1986 ஜூனில் வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் நோல்டே, நாஜிகளின் இனஅழிப்பைப் போல்ஷ்விக்குகளின் வன்முறைக்கு எழுந்த அச்சம் கலந்த எதிர்வினையாகக் காணும் நோக்கை முன்வைத்தார். அடுத்த மாதமே ஹாபர்மாஸ் அதனைக் கடுமையாக மறுத்தார். ஒப்பீடு என்னும் பெயரால் பொறுப்பைக் கரைக்கும் முயற்சியாக அவர் அதனைக் கண்டார்.

அன்று யூதப் பேரழிவின் நினைவை முன்னிறுத்துதல், ஆட்சியிலிருந்தோரின் விருப்பத்திற்கு எதிராக நிற்பதாகும். தம் மக்களின் ஆறுதலைக் கெடுத்து, தம் அரசின் வரலாற்றுப் பெருமிதத்தைக் கேள்விக்குள்ளாக்கினார் ஹாபர்மாஸ். விமரிசனக் கோட்பாடு தன் மண்ணில் ஆற்ற வேண்டிய பணியை அவர் ஆற்றினார் என்பதில் ஐயமில்லை.

2023: நினைவு எல்லைக்கோடாக மாறிய காலம்

அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகளில் நிலைமை மாறியது. எதிர்ப்புக் குரலாக இருந்த நினைவு, அரசின் கொள்கையாக உருப்பெற்றது. 2008 மார்ச்சில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் உரையாற்றிய ஜெர்மன் பிரதமர் அங்கெலா மெர்க்கல், இஸ்ரேலின் பாதுகாப்பு ஜெர்மனியின் அரசு நியாயத்தில் அடங்கியது என்று அறிவித்தார். இஸ்ரேலுக்கு ஆயுதம் வழங்கும் நாடுகளுள் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் ஜெர்மனி இருந்தது. எனவே 2023-இல் ஜெர்மனி அப்போரின் வெறும் பார்வையாளர் ஆகாது.

இச்சூழலில் வெளிவந்த அறிக்கை, ஹமாஸின் தாக்குதலுக்குப் பதிலடி கொடுப்பது கொள்கையளவில் நியாயமானது என்றது. அப்பதிலடி அளவுக்கு மீறாமலும் பொதுமக்களின் உயிரிழப்பைத் தவிர்த்தும் எதிர்கால அமைதியை நோக்கியும் அமைய வேண்டும் என்றும் கூறியது. ஆனால் இஸ்ரேலின் செயல்களுக்கு இனஅழிப்பு நோக்கத்தைக் கற்பிப்பது மதிப்பீட்டு அளவைகள் முற்றிலும் பிறழ்ந்ததற்கு அடையாளம் என்றது. யூத வாழ்வும் இஸ்ரேலின் இருப்புரிமையும் ஜெர்மன் மக்களாட்சியின் அறப்பண்பில் மையமானவை எனவும் வலியுறுத்தியது.

அறிக்கையின் கவலை பொய்யானது எனல் நேர்மையாகாது. ஜெர்மனியில் வாழும் யூதர்கள் அந்நாள்களில் அச்சுறுத்தலுக்கு உள்ளாயினர். அவர்தம் பாதுகாப்பை வலியுறுத்துதல் ஜெர்மன் அறிஞர்களின் கடமையாகும். குறை வேறிடத்தில் உள்ளது. இனஅழிப்பு என்னும் குற்றச்சாட்டைக் காரணம் காட்டி மறுப்பது ஒன்று. அக்குற்றச்சாட்டை எழுப்புதலே பகுத்தறிவின் அளவைக்கு அப்பாற்பட்டது என அறிவிப்பது மற்றொன்று. முன்னது கருத்தாடலுக்குள் நிகழ்வது. பின்னது கருத்தாடலின் வாயிலில் காவல் நிற்பது. எந்தக் கூற்றையும் முன்கூட்டித் தடுக்கலாகாது என்று கற்பித்த கோட்பாடு, ஒரு கூற்றைக் கேட்பதற்கு முன்னரே வெளியே நிறுத்தியது. பெர்லினில் பாலஸ்தீன ஆதரவு ஆர்ப்பாட்டங்கள் பல முந்தைய மாதத்தில் தடைசெய்யப்பட்டிருந்தன. போரால் பாதிக்கப்பட்டோரின் உறவினர் பொதுக்களத்தில் பேச முடியாதிருந்த இந்நிலை, பொதுக்களக் கோட்பாட்டின் ஆசிரியர் ஒப்பமிட்ட அறிக்கையில் இடம்பெறவில்லை.

வாயிலில் நிறுத்தப்பட்ட அக்கூற்று அடுத்த சில வாரங்களில் உலகின் உயர்ந்த நீதிமன்றத்தின் முன் வந்தது. 2023 டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்கா பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரி 26 அன்று அந்நீதிமன்றம் இடைக்கால நடவடிக்கைகளுக்கு ஆணையிட்டது. இனஅழிப்பு நிகழ்ந்ததாக அவ்வாணை தீர்ப்பளிக்கவில்லை. எனினும் அக்கூற்று வாதத்திற்கு உரியது என்பதை அது ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது.

1986-லும் 2023-லும் ஹாபர்மாஸ் முன்னிறுத்தியது ஏறத்தாழ ஒரே நினைவைத்தான். நினைவு மாறவில்லை, அது நின்ற இடம் மாறிவிட்டது. முன்பு அரசை எதிர்த்து நின்ற அது, பின்பு அரசின் பக்கம் நின்றது. ஒரு கருத்து தன்னளவில் என்றென்றும் விமரிசனத் தன்மை உடையதாக இருப்பதில்லை என்னும் ஹோர்க்ஹைமரின் அடிப்படைப் பாடத்தை, அவருடைய மரபே இங்கு மறந்தது.

இரு மறுமொழிகள்

அறிக்கைக்கு எழுந்த முதல் கூட்டு மறுமொழி 2023 நவம்பர் 22 அன்று வெளிவந்தது. ஆடம் டூஸ், சாமுவேல் மொயின், அமியா சீனிவாசன் உள்ளிட்டோர் ஒப்பமிட்ட அக்கடிதம், மனித மாண்பு என்னும் நெறி எல்லா மக்களுக்கும் உரியது என்று வாதிட்டது. இனஅழிப்புக்கான சட்ட வரையறை நிறைவேறியதாகத் தாம் அனைவரும் கருதவில்லை என்றும், ஆயினும் அது முறையான விவாதத்திற்குரியது என்றும் அவர்கள் கூறினர். அடுத்து ஈரானில் பிறந்த இரு சமூகவியலாளர்களின் எழுத்துகள் கவனம் பெற்றன. அவ்விருவரும் ஒரே நிகழ்விலிருந்து எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தனர்.

ஆசெஃப் பயாத் 2023 டிசம்பரில் எழுதிய திறந்த மடலில், ஹாபர்மாஸ் தம் சொந்தக் கருத்துகளுக்கே முரண்படுகிறார் என்று சுட்டினார். பொதுக்களம், தடையற்ற உரையாடல் ஆகிய ஹாபர்மாஸின் கருத்தாக்கங்களைக்கொண்டே அவர் ஹாபர்மாஸை அளந்தார். ஹமீத் தபாஷி 2024 ஜனவரியில் எழுதிய கட்டுரையோ, ஐரோப்பிய மெய்யியல் முழுமையும் அறவகையில் திவாலாகிவிட்டது என்னும் முடிவுக்குச் சென்றது. அவர் பணியாற்றுவது, 1930-களில் பிராங்க்ஃபர்ட் அறிஞர்களுக்குப் புகலிடம் தந்த அதே கொலம்பியா பல்கலைக்கழகத்திலாகும்.

தபாஷியின் சினத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை. பிராங்க்ஃபர்ட் அறிஞர்கள் இனவாதம், காலனியம், அவற்றுக்கெதிரான போராட்டங்கள் ஆகியவை குறித்து மௌனமாக இருந்தனர் என்று எட்வர்ட் சயீத் 1993-இலேயே எழுதினார். அக்கூற்றிலிருந்து தொடங்கிய ஏமி ஆலன் 2016-இல், ஐரோப்பிய நவீனம் ஒரு வளர்ச்சி என்னும் நம்பிக்கையைத் தன் அறநெறிகளுக்கு அடித்தளமாகக் கொண்டிருக்கும்வரை விமரிசனக் கோட்பாடு காலனியத்தின் நிழலிலிருந்து விடுபடாது என வாதிட்டார். இனி அடைய வேண்டிய முன்னேற்றம் என்னும் இலக்கையும், ஏற்கெனவே அடைந்துவிட்ட முன்னேற்றம் என்னும் பெருமிதத்தையும் அவர் வேறுபடுத்தியமை இவ்விவாதத்திற்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

ஆயினும் பொதுமையைக் கைவிடும் வழி எங்கே கொண்டுபோய்விடும் என்பதும் எண்ணத்தக்கது. 1990-களில் ஆசிய விழுமியங்கள் என்னும் முழக்கத்தை எழுப்பியோர் லீ குவான் யூ, மகாதீர் முகமது போன்ற ஆட்சித் தலைவர்கள். மனித உரிமை என்பது மேற்கத்தியச் சரக்கு என்னும் வாதம் அவர்கள் கையில், உள்நாட்டில் எதிர்த்துப் பேசியவர்களை அடக்கும் கருவியாகவும் பயன்பட்டது. அமர்த்திய சென் அதனை மறுத்தபோது, ஆசிய மரபுகளுக்குள்ளேயே விடுதலைக்கும் சகிப்புக்குமான குரல்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார். பொதுமை இல்லை என்றால், வலியவரிடம் எளியவர் காட்டக்கூடிய அளவுகோல் ஒன்று இல்லாமற்போகும்.

இதற்குச் சிறந்த வரலாற்றுச் சான்று ஹெய்ட்டி. 1789-இல் பிரான்சு மனித உரிமைகளை அறிவித்தபோது, அதன் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் அந்த ‘மனித’ரில் அடங்கவில்லை. 1791-இல் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1794-இல் பிரான்சின் சட்டமன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதனை மீட்க முனைந்தான். 1804-இல் ஹெய்ட்டி விடுதலை பெற்றது. அறிவிப்பில் விடுபட்டவர்களே அவ்வறிவிப்பை உண்மையாக்கினர். பிராங்க்ஃபர்ட் மரபில் தோய்ந்த சூசன் பக்-மோர்ஸ் இவ்வரலாற்றை ஹெகலின் அடிமை–ஆண்டான் கருத்தாக்கத்தோடு இணைத்து ஆராய்ந்தார். பொதுமை ஐரோப்பாவின் உடைமை ஆகாது என்பதையும், விலக்கப்பட்டோர் உரிமை கோரும்போதெல்லாம் அது விரிகிறது என்பதையும் அவ்வாய்வு உணர்த்துகிறது. பயாத்தின் வழியும் இதுவே.

தமிழ் ஆய்வுக்கு ஒரு குறிப்பு

இவ்விவாதம் தமிழ் ஆய்வாளருக்கும் தொடர்புடையதாகும். தமிழ் ஆய்வேடுகளில் மேலைக் கோட்பாடுகள் பெரும்பாலும் ஒரே முறையில் பயன்படுகின்றன. முதல் இயலில் கோட்பாடு விளக்கப்பெறும். அடுத்த இயல்களில் பனுவல் அதனோடு பொருத்திக் காட்டப்பெறும். முடிவில், பொருந்துகிறது என்னும் கருத்து நிறுவப்பெறும். பனுவல் கோட்பாட்டை மறுக்கவோ திருத்தவோ வாய்ப்பே இருப்பதில்லை. பிராங்க்ஃபர்ட் மரபு இம்முறையில் கையாளப்படும்போது, ஹோர்க்ஹைமர் மரபுக் கோட்பாடு என விலக்கிய ஒன்றாகவே அது மாறிவிடுகிறது.

பொதுக்களக் கோட்பாட்டைத் தமிழ் இதழியல் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும் ஆய்வு இதற்கு மாற்றாக அமையக்கூடும். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பொது உரையாடலுக்குள் நுழையவே சாதி தடையாக இருந்த ஒரு சமூகத்தில், விலக்கப்பட்டோரே அச்சு ஊடகத்தைக் கையிலெடுத்துத் தமக்கெனக் களம் அமைத்த வரலாறு இது. இவ்விதழ்களை ஹாபர்மாஸின் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதைவிட, அக்கோட்பாட்டின் மீதான வினாவாகக் கொள்வதே பயனுடையது. உரையாடலில் சமமாக அமர்வதற்கு முன்னர் அமரும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தோரின் பட்டறிவை எந்தக் கருத்தாடல் அறவியல் கணக்கில் கொள்ளும்? அயோத்திதாசரின் எழுத்துகள் நூற்றாண்டின் இறுதிவரை கல்விப்புலத்தின் பெருங்கவனத்தைப் பெறாதிருந்தமையையும் இவ்வினாவோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும். அப்போது தமிழ்க் கல்விப்புலமும் தன் வாயிற்காவலைத் தானே ஆராயத் தொடங்கும்.

முடிவுரை

2024 ஏப்ரலில், பாலஸ்தீனத்தை ஆதரிக்கும் மெய்யியலாளர் மடலில் ஒப்பமிட்டமைக்காக, நான்சி ஃபிரேசருக்கு வழங்கவிருந்த வருகைதரு பேராசிரியர் பொறுப்பைக் கொலோன் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. பொதுக்களத்திலிருந்து யார் விலக்கப்படுகின்றனர் என்று முப்பதாண்டுகளுக்கு முன் வினவியவரே விலக்கப்பட்டார். ஒரு சமூகம் தன் விமரிசனக் கருத்துகளை அரசுக் கொள்கையாக மாற்றிக்கொண்டபின், அவற்றை மீண்டும் வினவுவோர் அச்சமூகத்தின் கண்ணுக்குப் பகைவராகத் தோன்றுவர் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் பிராங்க்ஃபர்ட் மரபு இத்தவற்றால் முடிந்துவிட்டது எனக் கருதுதல் பொருந்தாது. அறிக்கையை மறுத்தவர்களுள் பலர் அம்மரபின் கருத்தாக்கங்களைக் கொண்டே மறுத்தனர். பாதிக்கப்படுவோர் அனைவரும் பேச வேண்டும் என்னும் நெறியை ஹாபர்மாஸ் வகுத்திராவிடின், அவரது அறிக்கையின் குறை இத்துணைத் தெளிவாகத் தெரிந்திராது. தன்னை வகுத்தவரையே அளக்கும் வலிமை ஓர் அளவுகோலுக்கு இருப்பதே அதன் பொதுமைக்குச் சான்று. அதனைத் தம் அரசின் மீதும், தம் சாதியின் மீதும், தம் துறையின் மீதும் வைத்துப் பார்க்கும் துணிவே விமரிசனக் கோட்பாட்டைக் கற்போர் அதற்குச் செலுத்த வேண்டிய கடன்.